ப்ளஸ் டூ முடிக்கும்போது நுண்கணிதத்தில் என்ன கைவந்திருக்க வேண்டும்?

ப்ளஸ் ஒன் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியைத் திறந்து பாருங்கள். 9-வது பாடம் எல்லைகளும் தொடர்ச்சித் தன்மையும். 10-வது வகையிடல். 11-வது தொகையிடல். அடுத்த வருடம் ப்ளஸ் டூ இரண்டாம் தொகுதியில் 7 முதல் 10 வரை நான்கு பாடங்கள் வருகின்றன: வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், வகையீடுகளும் பகுதி வகைக்கெழுக்களும், தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள். பின்னால் வரும் நான்கும் முன்னால் உள்ள மூன்றின் மேல்தான் நிற்கின்றன. பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஃபர்ஸ்ட் குரூப் எடுத்திருக்கும் ஒவ்வொரு மாணவரும் இதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். உங்கள் இன்ஜினியரிங் படிப்பின் முதல் பாடம் அந்த 9-வது பாடம்தான்.

இதை இப்போது அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2017-18 முதல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு இருந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அது நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நல்ல விஷயம். ஆனால் அந்தத் தேர்வு வருவதற்கு முன்பு பல பள்ளிகளில் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். ப்ளஸ் ஒன் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருடமும் ப்ளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள். சென்டம் வந்தது. கல்லூரியில் முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியரும் வந்தது. பழைய வழக்கம் திரும்பக் கூடாது என்றால் பெற்றோர் பள்ளியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ப்ளஸ் ஒன் இரண்டாம் தொகுதியை எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிக்கிறீர்கள்? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால் மாணவர் தானே ஒரு கால அட்டவணை போட்டுக்கொள்வது நல்லது.

மதிப்பெண்ணும் திறமையும்

ப்ளஸ் டூ கணிதத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் கேள்விகள் 20, இரண்டு மதிப்பெண் 7, மூன்று மதிப்பெண் 7, ஐந்து மதிப்பெண் 7. அகமதிப்பீடு 10. இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கான 200-ல் கணிதம் மட்டும் 100; இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து மீதி 100. ஆகவே மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாதே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்-ஆஃபில் அரை மதிப்பெண் ஒரு கல்லூரியையே மாற்றிவிடும்.

ஆனால் அந்தத் தேர்வு அளப்பது நுண்கணிதத்தின் ஒரு பக்கத்தை. கொடுத்த சார்பை வகையிடு, கொடுத்த தொகையின் மதிப்பைக் காண், நிரூபி. வேலைக்குப் போன இடத்தில் யாரும் சார்பை எழுதிக் கையில் கொடுப்பதில்லை. அங்கே கிடைப்பது ஒரு அட்டவணை, திரையில் ஓடும் ஒரு வரைபடம், அல்லது மேலதிகாரி வாயால் சொல்லும் ஒரு பிரச்சினை. அமெரிக்காவில் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏ.பி. கால்குலஸ் தேர்வு இதை வெளிப்படையாகவே இலக்காக வைத்திருக்கிறது. ஒரே கருத்தை எண்களாகவும் வரைபடமாகவும் சூத்திரமாகவும் சொற்களாகவும் கையாளத் தெரிய வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவத் தெரிய வேண்டும். நம் பாடநூலும் இந்த நான்குக்கும் இடம் கொடுக்கிறது. தேர்வுப் பழக்கம்தான் மாணவரைச் சூத்திரத்தோடு நிறுத்திவிடுகிறது. மற்ற மூன்றையும் எங்கே பழகுவது? நம் இரண்டு மாவட்டங்களிலேயே அதற்கு வேண்டிய கணக்குகள் கொட்டிக் கிடக்கின்றன.

மேட்டூர் செய்தியை வாசிக்கத் தெரிவது

கொள்ளிடம் அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லை. மேட்டூர் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகவும் இந்த மாவட்டத்துக்குள் வருகிறது. அதனால் மேட்டூர் அணை நிலவரம் இங்கே பலர் வீட்டிலும் தினமும் வாசிக்கப்படும் செய்தி. நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி, திறப்பு இத்தனை கனஅடி, நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி. நான்கு எண்கள். நுண்கணிதத்தின் அடிப்படை முழுவதும் இந்த நான்கு எண்களுக்குள் அடங்கியிருக்கிறது.

ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கனஅடி. ஒரு நாளில் 86,400 வினாடிகள். வகுத்துப் பார்த்தால், வினாடிக்கு ஏறத்தாழ 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்கச் சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. நீர்வரத்து 20,000 கனஅடி, திறப்பு 8,426 கனஅடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 11,574. நாள் முழுக்க அதே நிலை நீடித்தால், ஆவியாகும் நீரை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, இருப்பு ஒரு டி.எம்.சி. கூடும். வரத்துக்கும் திறப்புக்கும் உள்ள வித்தியாசம், இருப்பின் வகைக்கெழு. அந்த வித்தியாசத்தைக் காலம் முழுக்கத் தொகையிட்டால் கிடைப்பது இருப்பில் ஏற்பட்ட மாற்றம். வகையிடலும் தொகையிடலும் ஒன்றுக்கொன்று எதிர்ச்செயல் என்று புத்தகத்தில் ஒரு தேற்றமாகப் படிப்பது இதைத்தான்.

இப்போது ஒரு கேள்வி. ‘நீர்வரத்து 20,000-லிருந்து 15,000 கனஅடியாகச் சரிந்தது’ என்று செய்தி வருகிறது. அணையில் தண்ணீர் குறைகிறதா? பலர் ஆமாம் என்பார்கள். திறப்பு இன்னும் 8,426-தான் என்றால் இருப்பு கூடிக்கொண்டுதான் இருக்கிறது. கூடும் வேகம் மட்டும் குறைந்திருக்கிறது. முதல் வகைக்கெழு மிகை, இரண்டாம் வகைக்கெழு குறை. தேர்வில் பெருமம், சிறுமம் கணக்கை மனப்பாடமாகப் போடும் மாணவர்களே இந்த இடத்தில் தடுமாறுவார்கள். விலைவாசி, நோய்ப்பரவல், கம்பெனியின் லாபம் என்று எந்தச் செய்தியை வாசித்தாலும் இதே தடுமாற்றம் வரும். ‘குறைகிறது’ என்றால் குறைவது அளவா, அளவு மாறும் வீதமா என்று உடனே கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் நுண்கணிதம் பாதி கைவந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

அதே செய்தியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி. அப்போது இருப்பு 93.47 டி.எம்.சி. 100 அடியில் இருப்பு ஏறத்தாழ 65 டி.எம்.சி. மேலே உள்ள 20 அடிக்குள் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் அடங்குகிறது, அதாவது சராசரியாக அடிக்கு 1.4 டி.எம்.சி. கீழே இறங்க இறங்க ஒரு அடிக்குள் அடங்கும் தண்ணீர் குறைந்துகொண்டே போகும், ஏனென்றால் நீர் பரவியிருக்கும் பரப்பு சுருங்குகிறது. நீர்மட்டத்தைப் பொறுத்துக் கொள்ளளவின் வகைக்கெழு எதுவென்றால், அந்த மட்டத்தில் உள்ள நீர்ப்பரப்பேதான். சில வாரங்கள் செய்தித்தாளிலிருந்து நீர்மட்டத்தையும் இருப்பையும் குறித்து, பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்துக் கணினியில் ஒரு அட்டவணையாகப் போட்டு, அடுத்தடுத்த வித்தியாசங்களை வகுத்துப் பாருங்கள். சூத்திரமே இல்லாமல் வகைக்கெழு காணும் பயிற்சி அது. பொதுப்பணி, நீர்வளம், புள்ளியியல் என்று எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும் தரவு இப்படித்தான் வரும்.

எப்போது விற்பது?

பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்குப் பெயர் போனது. செட்டிகுளம் பக்கம் அறுவடை முடிந்ததும் எழும் கேள்வி ஒன்றுதான்: இன்றே விற்பதா, பட்டறை போட்டு வைத்திருந்து விலை ஏறியபின் விற்பதா? வைத்திருந்தால் விலை ஏறலாம். ஆனால் காய்ந்தும் அழுகியும் எடை குறையும். பெரும, சிறுமக் கணக்கு என்று புத்தகத்தில் வருவதை நம் ஊர் விவசாயி வருடந்தோறும் தலையில் போட்டுப் பார்க்கிறார்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. கையில் 1,000 கிலோ. இன்றைய விலை கிலோ 40 ரூபாய். விலை நாளுக்கு 50 பைசா ஏறுகிறது. எடை நாளுக்கு 5 கிலோ குறைகிறது. t நாட்கள் கழித்து விற்றால் விலை 40 + 0.5t, எடை 1000 – 5t. இரண்டையும் பெருக்கினால் வருமானம் 40,000 + 300t – 2.5t². வகையிட்டால் 300 – 5t. பூச்சியத்துக்குச் சமன் செய்தால் t = 60. அறுபதாம் நாள் விலை 70 ரூபாய், எடை 700 கிலோ, கையில் 49,000 ரூபாய். இன்றே விற்றதைவிட 9,000 ரூபாய் அதிகம்.

தேர்வில் கணக்கு இங்கே முடிந்துவிடும். வேலை இங்கேதான் தொடங்குகிறது. விலை நாளுக்கு 50 பைசா ஏறாமல் 25 பைசாதான் ஏறினால்? வருமானம் 40,000 + 50t – 1.25t². உச்சம் இருபதாம் நாளிலேயே வந்துவிடும். விலை 45, எடை 900, கையில் 40,500. விலையேற்றம் பாதியானால் காத்திருக்கும் நாள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. லாபமோ 9,000-லிருந்து 500-க்குச் சரிகிறது. இன்னும் ஒரு படி போகலாம். விலை நாளுக்கு r ரூபாய் ஏறுகிறது என்றால், முதல் நாளில் வருமானத்தின் வகைக்கெழு 1000r – 200. இது மிகையாக இருந்தால்தான் காத்திருப்பதில் பொருள் உண்டு. அதாவது விலையேற்றம் நாளுக்கு 20 பைசாவுக்குக் கீழே இருக்கும் என்று தோன்றினால் இன்றே விற்றுவிட வேண்டும்.

பதில் 60 என்பதைவிட, அந்த 60 எவ்வளவு ஆட்டம் காணக்கூடியது என்பதும் 20 பைசா என்ற எல்லைக்கோடும்தான் விவசாயிக்குப் பயன்படும் தகவல். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ, வேளாண் வணிகத்திலோ, வங்கியின் விவசாயக் கடன் பிரிவிலோ வேலைக்குச் சேரும் ஒருவர் இப்படி யோசிக்கத் தெரிந்தவராக இருந்தால் அவருடைய சொல்லுக்கு மதிப்பு தனி. ஆகவே ப்ளஸ் டூவில் ஒவ்வொரு பெரும, சிறுமக் கணக்கைப் போட்டு முடித்ததும், கொடுத்த எண்களில் ஒன்றை மாற்றி மறுபடி போடுங்கள். விடை நகரும் விதத்தைக் கவனியுங்கள். வாழ்த்தி வரவேற்க வேண்டிய பழக்கம் இது. எந்தப் புத்தகமும் இதைக் கட்டாயப்படுத்துவதில்லை.

வாழ்க்கைக் கணக்கில் இன்னும் ஒரு விஷயம்: சூத்திரத்தை அமைப்பதுதான் கடினம், வகையிடுவது எளிது. பயிற்சி நேரத்தில் பாதியை, விடை காணாமல் சமன்பாட்டை மட்டும் அமைத்து நிறுத்தும் பயிற்சிக்கு ஒதுக்கலாம். பத்து வாக்கியக் கணக்குகளை எடுத்து, எது மாறி, எது மாறிலி, எதைப் பெருமமாக்க வேண்டும், மாறிக்கு எல்லை உண்டா என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள்.

சிமென்ட் ஆலையும் டயர் ஆலையும்

அரியலூர் மண்ணின் சுண்ணாம்புக்கல் பழைய கடலின் படிவு. அதை நம்பித்தான் அரசின் டான்செம் முதல் டால்மியா, அல்ட்ராடெக், ராம்கோ, செட்டிநாடு வரை இங்கே ஆலை வைத்திருக்கிறார்கள். பெரம்பலூர் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை. இந்த ஆலைகளுக்குள் நுண்கணிதம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் 11-வது பாடம் கசக்காது.

கன்வேயர் பெல்ட்டில் கல் ஓடுகிறது. பெல்ட்டுக்கு அடியில் ஒரு எடைமானி, மீட்டருக்கு எத்தனை கிலோ என்று அளக்கிறது. இன்னொரு கருவி பெல்ட்டின் வேகத்தை அளக்கிறது. மீட்டருக்கு 50 கிலோ, வேகம் வினாடிக்கு 2 மீட்டர் என்றால் வினாடிக்கு 100 கிலோ, மணிக்கு 360 டன். திரையில் ஓடும் எண் இது. பக்கத்தில் இன்னொரு எண் ஏறிக்கொண்டே இருக்கும், இதுவரை போன மொத்த டன். முதல் எண்ணைக் காலத்தைப் பொறுத்துத் தொகையிட்டதுதான் இரண்டாவது எண். முதல் ஒரு மணி நேரம் 360 டன் வீதம் சீராக ஓடி, அடுத்த ஒரு மணி நேரத்தில் நேர்கோட்டில் குறைந்து நின்றுபோனால் மொத்தம் எவ்வளவு? வரைபடம் போடுங்கள்: ஒரு செவ்வகம், ஒரு முக்கோணம். 360 + 180 = 540 டன். இதைத் தொகையிடல் சூத்திரம் போட்டுக் காண்பவரைவிட, வரைபடத்தின் பரப்பாகக் கண்டு அரை நிமிடத்தில் சொல்பவர்தான் பாடத்தைப் புரிந்தவர்.

கன்ட்ரோல் ரூமுக்குப் போனால் பி.ஐ.டி. கன்ட்ரோலர் என்ற பெயர் காதில் விழும். சூளையின் அழுத்தம், வெப்பநிலை, டயர் பதப்படுத்தும் பிரஸ்ஸின் நீராவி அழுத்தம் என்று எதையாவது குறித்த அளவில் நிறுத்தி வைப்பது அதன் வேலை. குறித்த அளவுக்கும் உள்ள அளவுக்கும் இடையிலான விலகலை அது மூன்று விதமாகப் பார்க்கிறது: இப்போது விலகல் எவ்வளவு, இதுவரை சேர்ந்த விலகல் எவ்வளவு, விலகல் எந்த வேகத்தில் மாறுகிறது. இரண்டாவது தொகையிடல், மூன்றாவது வகையிடல். பெயரில் உள்ள ஐ, டி என்ற எழுத்துகள் அவற்றையே குறிக்கின்றன. ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.இ. என எந்த வழியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பக்கம் போனாலும் இந்த மூன்றையும் திருகிச் சரிசெய்யும் வேலை வந்து சேரும்.

இங்கே பள்ளியில் யாரும் சொல்லித்தராத ஒரு உண்மை இருக்கிறது. தொழிற்சாலைகளில் பெரும்பாலான கன்ட்ரோலர்களில் டி பகுதியை அணைத்து வைத்திருப்பார்கள். காரணம், நிஜ அளவீட்டில் எப்போதும் சிறு நடுக்கம் இருக்கும். அதை வகையிட்டால் நடுக்கம் பெரிதாகும். தொகையிட்டால் நடுக்கம் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு அடங்கும். காகிதத்தில் வகையிடல் எளிது, தொகையிடல் கடினம். அளந்தெடுத்த எண்களில் அது தலைகீழ். மேட்டூர் அட்டவணையைப் போட்டுப் பார்த்தவருக்கு இது தானாகவே பிடிபடும்.

பிழையை எடைபோடுவது

ப்ளஸ் டூவின் 8-வது பாடத்தில் வகையீடுகள் வருகின்றன. தேர்வுக்கு எளிய பாடம் என்று வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். என் கணிப்பில், வேலைக்கு நேரடியாக உதவுவதில் முதலிடம் இதற்குத்தான். கோளத்தின் ஆரத்தை அளப்பதில் 1 சதவீதப் பிழை இருந்தால் கனஅளவில் ஏறத்தாழ 3 சதவீதப் பிழை. உருளை வடிவ சிமென்ட் தொட்டியில் ஆரத்தின் பிழை இரண்டு மடங்காகவும் உயரத்தின் பிழை ஒரு மடங்காகவும் கொள்ளளவில் சேரும். எதை அதிகக் கவனத்தோடு அளக்க வேண்டும் என்று டேப்பை எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. சர்வேயர், லேப் டெக்னீஷியன், தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர், கட்டட மேற்பார்வையாளர் எல்லோருக்கும் இது அன்றாடக் கணக்கு.

தேற்றங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சராசரி மதிப்புத் தேற்றத்தை நிபந்தனைகளோடு ஒப்பிப்பதோடு விட்டுவிடாதீர்கள். திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரில் ஒரு கேமரா, 60 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கேமரா. ஒரு கார் இந்தத் தூரத்தை 30 நிமிடத்தில் கடந்தது. எந்தக் கேமராவின் எதிரிலும் அது 80-க்கு மேல் போகவில்லை. இருந்தும் வழியில் ஏதாவது ஒரு கணத்தில் அதன் வேகம் சரியாக மணிக்கு 120 கிலோமீட்டர் இருந்தே தீர வேண்டும். அந்த உறுதியைத் தருவதுதான் தேற்றம். அதன் நிபந்தனைகளான தொடர்ச்சியும் வகைமையும் ஏன் தேவை என்று இந்தக் காரை வைத்தே யோசித்துப் பாருங்கள்.

வளைவைக் கண்ணால் படிக்கக் கங்கைகொண்ட சோழபுரத்தைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் ஓரம் ஏறத்தாழ நேர்கோடாக ஏறுகிறது. ராஜேந்திர சோழன் கட்டிய விமானத்தின் ஓரம் உள்வாங்கி வளைகிறது. தூரத்திலிருந்து நேராக ஒரு படம் எடுத்து, ஜியோஜீப்ரா செயலியில் பின்னணியாக வைத்து, ஒவ்வொரு தளத்திலும் ஓரத்தின் சாய்வை அளந்து எழுதுங்கள். சாய்வு எண்கள் மாறுகிற விதம்தான் இரண்டாம் வகைக்கெழு. ஒரு பள்ளி வகுப்பு முழுவதும் ஒரு நாளில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. கணித ஆசிரியர்கள் மனம் வைத்தால் நடக்கும்.

யாருக்கு எவ்வளவு?

இன்ஜினியரிங் போகிறவருக்கு முழுவதும் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டர் கணிதத் தாளின் பெயரே ‘அணிகளும் நுண்கணிதமும்’ என்று இருந்தது.  ப்ளஸ் டூவில் எட்டிப்பார்க்கும் பகுதி வகைக்கெழுவைக் கல்லூரிக் கணிதம் ஆழமாக நடத்தி, பல மாறிச் சார்புகள், பன்மடித் தொகைகள் என்று ஓடும். வகையிடல் விதிகள் விரல் நுனியில் இல்லாதவர் முதல் மாதத்திலேயே பின்தங்கிவிடுவார்.

டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவு என்று போகிறவர் பகுதி வகைக்கெழுவையும் நிகழ்தகவுப் பரவல்களையும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது என்பதன் உள்ளே நடப்பது, பிழையைக் குறிக்கும் ஒரு சார்பை ஒவ்வொரு மாறியைப் பொறுத்தும் வகையிட்டு, பிழை குறையும் திசையில் ஒரு சிறு அடி எடுத்து வைப்பது. சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பை ஊரில் இருந்தபடியே படிக்கலாம் என்பதால் இந்த மாவட்டப் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு.

ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அங்கே நுண்கணிதத்தின் பங்கு பெரிது, வேகமும் வேண்டும். தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான என்.டி.ஏ. தேர்வின் கணிதத் தாள் 300 மதிப்பெண்ணுக்கு 120 கேள்விகள், அதிலும் வகையிடல், தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடு உண்டு. கணிதத்தையே வாழ்க்கையாக எடுத்துக்கொள்ள விரும்புகிறவர் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் நுழைவுத் தேர்வைக் குறிவைக்கலாம். அங்கே கணக்குப் போடும் வேகத்தைவிட ஏன் என்று நிறுவும் திறன் பார்க்கப்படும். அதற்கு 9-வது பாடத்தின் எல்லைகளை வரையறையிலிருந்து புரிந்திருக்க வேண்டும்.

வணிகக் கணிதம் எடுத்தவர்களும் இந்தக் கட்டுரையின் வாசகர்கள்தான். இறுதிநிலைச் செலவு, தேவை நெகிழ்ச்சி, நுகர்வோர் உபரி எல்லாம் நுண்கணிதமே. வெங்காயக் கணக்கை நீங்கள்தான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். மருத்துவம் பக்கம் போகும் பயோ-மேத்ஸ் மாணவர்களுக்கு அடுக்குக்குறிச் சார்பும் ப்ளஸ் டூவின் 10-வது பாடத்தின் வளர்ச்சி, தேய்வுக் கணக்குகளும் போதும். அரை ஆயுள் 6 மணி நேரம் உள்ள மருந்து ஒரு நாள் கழித்து உடலில் பதினாறில் ஒரு பங்கு இருக்கும் என்பது மனக்கணக்காக வர வேண்டும்.

டிப்ளமோ முடித்து நேரடியாக இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் சேர்பவர்கள் தனிக் கவனத்துக்கு உரியவர்கள். முதலாண்டுக் கணிதத் தாள்களை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் மூன்றாம் செமஸ்டர் தாள் அவற்றைத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. கைத்தொழில் அறிவில் வகுப்பிலேயே முன்னால் நிற்கும் இந்தப் பிள்ளைகள் கணிதத்தில் மட்டும் தேங்குவதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. டிப்ளமோ கடைசி வருடத்திலேயே ப்ளஸ் டூ இரண்டாம் தொகுதியின் நான்கு பாடங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். பாடநூல்கள் அரசின் இணையதளத்தில் இலவசம்.

படிக்கும் முறை

நுண்கணிதத்தில் தோற்பவர்களில் பலர் உண்மையில் தோற்பது இயற்கணிதத்திலும் முக்கோணவியலிலும்தான். பின்னத்தைச் சுருக்கத் தெரியாமல், sin 2x-ஐப் பிரிக்கத் தெரியாமல், மடக்கை விதி மறந்துபோய்த் தொகையிடலில் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே ப்ளஸ் ஒன் ஜூனில் தொடங்கும்போதே சார்புகள் பாடத்தில் வரைபடங்களைக் கையால் வரையுங்கள். x², x³, 1/x, √x, eˣ, log x, sin x, |x| இந்த எட்டின் வடிவமும் கண்ணை மூடினால் தெரிய வேண்டும். பிறகு அவற்றை மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். அரையாண்டு விடுமுறைக்குள் இது கைவந்துவிட்டால் எல்லைகள் பாடம் தானாக நகரும்.

வகையிடலுக்கு வேகம் தேவை. தினமும் பத்துக் கணக்கு, கால் மணி நேரம், மாதக்கணக்கில். தொகையிடலுக்கு நிதானம் தேவை. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தேன், ஏன் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். விடையை வகையிட்டுச் சரிபார்க்காமல் அடுத்த கணக்குக்குப் போகாதீர்கள். பயன்பாட்டுக் கணக்கு எதிலும் அலகை எழுதுங்கள்: விடை டன்னா, மணிக்கு டன்னா? இந்த ஒரு கேள்வி பாதிப் பிழைகளைப் பிடித்துவிடும். தமிழ்வழியில் படிப்பவர்கள் புத்தகத்தின் கடைசியில் உள்ள கலைச்சொல் பட்டியலை ப்ளஸ் டூ தொடக்கத்திலேயே பார்த்து வைத்துக்கொண்டால் கல்லூரியின் முதல் வாரம் பயமுறுத்தாது.

பொதுத்தேர்வு முடிந்து கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் வாரங்கள் பலருக்கு வீணாகப் போகின்றன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு இன்ஜினியரிங் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு, கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இவ்வளவு கிடைத்தும் முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் விழுந்தால் அது வேலைக்கான கேம்பஸ் தேர்வு வரை தொடர்ந்து வந்து தடுக்கும். பல கம்பெனிகள் அரியர் இல்லாதவர்களையே அழைக்கின்றன. அதனால் கல்லூரி உறுதியான வாரத்திலேயே அங்கே படிக்கும் சீனியர் அண்ணனிடமோ அக்காவிடமோ முதல் செமஸ்டரின் பழைய கேள்வித்தாள் ஒன்றை வாங்குங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்காருங்கள். ப்ளஸ் டூ அறிவை வைத்தே போட முடிகிற கேள்விகளுக்கு ஒரு குறி, எந்தப் பாடத்தை மறந்ததால் நின்றோம் என்று தெரிகிற கேள்விகளுக்கு இன்னொரு குறி, கண்ணால் கண்டிராத கேள்விகளுக்கு மூன்றாவது குறி. மூன்றாவது வகையைக் கல்லூரி கற்றுத்தரும். இரண்டாவது வகையை வகுப்பு தொடங்குவதற்குள் உங்கள் பள்ளி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டித் தீர்த்துக்கொள்ளுங்கள்.